சுவர் 'வயிறு' தள்ளினால் கீழ் வீட்டில் தூக்கம் போச்சு!

மலைச்சரிவில் தடுப்புச் சுவர் கட்ட எங்கே அனுமதி? யாரைக் கூப்பிடுவது? ஒரு பெரியவர் கற்ற பாடம்

குன்னூர் பக்கம் ஒரு மலைச்சரிவு. மேலே ஒரு வீடு. கீழே ஒரு வீடு. நடுவில் ஒரு கருங்கல் சுவர்.

சுவரின் உயரம் 10 அடி. நீளம் 30 அடி. கட்டி 40 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

ஒரு ஐப்பசி மாதம். நாலு நாள் விடாமல் அடைமழை. ஐந்தாம் நாள் காலையில் கீழ் வீட்டுப் பெண்மணி மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்.

"அண்ணா, கொஞ்சம் கீழ வந்து பாருங்க. உங்க சுவர் வயிறு தள்ளிட்டு நிக்குதுங்க!"

மேல் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற குமாஸ்தா. குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்ப் பார்த்தார். அடிவயிறு கலங்கிவிட்டது.

சுவரின் நடுப்பகுதி ஒரு சாண் அளவுக்கு வெளியே பிதுங்கி நின்றது. கல்லுக்குக் கல் இடைவெளி. அதன் வழியே சேற்றுத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. சுவருக்கும் அந்தப் பெண்மணியின் அடுப்படிக்கும் நடுவே ஐந்து அடிகூட இல்லை!

17 உயிர் போன அதிகாலை

பெரியவருக்கு உடனே ஞாபகம் வந்தது மேட்டுப்பாளையம் நடூர்.

2019-ம் ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி. அதிகாலை நேரம். பலத்த மழை. சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுவர் அப்படியே பெயர்ந்து பக்கத்து வீடுகள் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் எழுந்திருக்கவே இல்லை. தமிழ்நாட்டையே உலுக்கிய சம்பவம் அது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. 2024-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந்தேதி ஊட்டி லவ்டேல் பகுதியில் வீட்டு வேலைக்காக மண் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த பழைய கழிப்பிடக் கட்டடம் சரிந்து விழுந்தது. கூலி வேலைக்கு வந்த 6 பெண்கள் மண்ணுக்குள் போனார்கள்.

முதல் சம்பவத்தில் நின்ற சுவர் விழுந்து சாவு. இரண்டாவதில் தோண்டும்போது மண் சரிந்து சாவு. சுவரை அப்படியே விட்டாலும் ஆபத்து. அவசரப்பட்டுக் கை வைத்தாலும் ஆபத்து!

"அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலைங்க. விழுந்தா என் சுவர் போகும், அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு உயிர் போகுமே!" என்கிறார் பெரியவர்.

"ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம் சார்!"

மறுநாள் பழக்கமான மேஸ்திரி ஒருவரை வரவழைத்தார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். வெற்றிலையை மென்றபடியே கணக்குச் சொன்னார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க சார். முன்னால ஒரு அடி கனத்துக்கு இன்னொரு கல் கட்டு கட்டி, மேல சிமெண்ட் பூசிட்டா இரும்பு மாதிரி நிக்கும். ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம்."

"அனுமதி கினுமதி ஏதாச்சும் வாங்கணுமா மேஸ்திரி?"

"பழைய சுவரைத்தானே சார் சரி பண்றோம். யாரு கேக்கப் போறா? ஞாயித்துக்கிழமையில வேலையை வச்சுக்கலாம்!"

பெரியவருக்கு மனம் ஊசலாடியது. கையில் இருப்பதோ பணிக்கொடைப் பணத்தில் மிச்சம் பிடித்த தொகை. மேஸ்திரி சொன்னது கைக்கு அடக்கமான கணக்கு. சரி என்று சொல்ல வாயெடுத்தவரைத் தடுத்தவர் அவருடைய மனைவி.

"நாம ஆபீஸ்ல உட்கார்ந்து இருந்தப்ப, எழுதித் தராத எதையும் நம்பாதேன்னு ஊருக்கே சொன்னீங்க. இப்ப உங்களுக்கு மட்டும் வேற சட்டமா?"

அந்த ஒரு கேள்விதான் இரண்டு வீட்டையும் காப்பாற்றியது.

என்ஜினீயர் கேட்ட முதல் கேள்வி

பெரியவர் கட்டட உறுதிக்கான என்ஜினீயர் ஒருவரைத் தேடிப் பிடித்தார். வந்தவர் ஒரு இளம் பெண். சுவரை அவர் பத்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. நேரே மேலே ஏறி வீட்டின் பின்கட்டுக்குப் போனார்.

"ஐயா, உங்க சமையல்கட்டுத் தண்ணி எங்க போகுது?"

பெரியவர் திருதிருவென்று விழித்தார்.

"பாத்ரூம் தண்ணி? கூரைத் தண்ணி? செப்டிக் டேங்க் கழிவு?"

தேடிப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. சமையல்கட்டுத் தண்ணீர் போகும் குழாய் எப்போதோ உடைந்திருந்தது. பல வருஷமாக அந்தத் தண்ணீரெல்லாம் சுவருக்குப் பின்னால் இருந்த மண்ணுக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. கூரைத் தண்ணீரும் அங்கேதான் கொட்டியது.

"மழைதான் குத்தவாளின்னு நினைச்சேன். குத்தவாளி என் வீட்டு அடுப்படியிலேயே இருந்துச்சு!" என்று தலையில் அடித்துக்கொள்கிறார் பெரியவர்.

தண்ணீர் செய்யும் வேலை

தண்ணீருக்கும் சுவருக்கும் என்ன பகை? அந்த என்ஜினீயர் ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கு இது.

10 அடி உயரச் சுவருக்குப் பின்னால் சாதாரண மண், ஈரமில்லாமல் இருக்கிறது. அது சுவரைத் தள்ளும் பலம், சுவரின் ஒவ்வொரு அடி நீளத்துக்கும் சுமார் 850 கிலோ.

அதே மண்ணில் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் மேல் மட்டம் வரை தேங்கி நின்றால்? அந்தப் பலம் சுமார் 1,800 கிலோ ஆகிவிடும். இரண்டு மடங்குக்கும் மேல்! 30 அடி நீளச் சுவர் என்றால், 25 டன் தள்ளிய இடத்தில் 50 டன்னுக்கு மேல் தள்ளுகிறது.

உயரக் கணக்கு இன்னும் பயங்கரம். சுவரின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் மண் தள்ளும் பலம் இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். சுவரைக் குப்புறக் கவிழ்க்கும் வேகமோ எட்டு மடங்கு!

அதனால்தான் 4 அடிச் சுவர் கட்டிப் பழகிய கையை நம்பி 10 அடிச் சுவரை ஒப்படைக்கக் கூடாது என்கிறார்கள்.

முன்னால் ஒட்டினால் நிற்குமா?

மேஸ்திரி சொன்ன யோசனையில் என்ன தப்பு? அதையும் பெரியவர் கேட்டார்.

மண்ணைத் தாங்கும் கல் சுவர் தன் சொந்த எடையால்தான் நிற்கிறது. அதற்கு அடிப்பாகம் அகலமாக இருக்க வேண்டும். பொதுவாக உயரத்தில் பாதிக்குக் குறையாமல், மண்ணின் குணத்தைப் பொறுத்து அதற்கு மேலும் தேவைப்படும். 10 அடிச் சுவருக்கு 5 அடி, 6 அடி அகல அடித்தளம்.

பெரியவர் வீட்டுச் சுவர் மேலிருந்து கீழ் வரை ஒன்றரை அடிதான்! நாற்பது வருஷம் நின்றதே அதிசயம்.

அதன் முன்னால் ஒரு அடி கல்லை ஒட்டினால் பழையதும் புதியதும் சேர்ந்து வேலை செய்யாது. அதைவிட மோசம், மேலே சிமெண்ட் பூசுவது. கல் இடுக்கு வழியே கொஞ்சநஞ்சம் வெளியேறிய தண்ணீரும் அடைபட்டுப் போகும். இரும்பு மாதிரி நிற்கும் என்று நினைத்த சுவர் அடுத்த மழைக்கே ஆளை விழுங்கிவிடும்.

முதலில் செய்தது என்ன?

புதுச் சுவர் கட்டுவது பிறகு. மழை இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறதே! என்ஜினீயர் சொன்னபடி அன்றே சில வேலைகள் நடந்தன.

உடைந்த குழாய் மாற்றப்பட்டது. கூரைத் தண்ணீர் பைப் வழியே சாக்கடைக்குத் திருப்பிவிடப்பட்டது. சுவருக்கு மேலே மண்ணில் ஓடிய வெடிப்பு களிமண் வைத்து மூடப்பட்டு, மேலே தார்ப்பாய் விரிக்கப்பட்டது. சுவர் ஓரம் அடுக்கி வைத்திருந்த விறகும் பழைய ஓடும் அப்புறப்படுத்தப்பட்டன.

அப்புறம்தான் பெரிய கேள்வி. கீழ் வீட்டில் படுத்திருப்பவர்கள்?

பெரியவர் கீழே இறங்கிப் போனார்.

"அம்மிணி, மழை முடியற வரைக்கும் ராத்திரியில நீங்க மூணு பேரும் மேல வந்து எங்க முன்ரூம்ல படுத்துக்குங்க. கூச்சப்படாதீங்க."

"உங்களுக்கு எதுக்குங்க அண்ணா சிரமம்?"

"சிரமம் குடுத்தது நான்தானே!"

கார்த்திகை முடியும் வரை அந்த மூன்று பேரும் மழை ராத்திரிகளில் மேல் வீட்டில்தான் படுத்தார்கள்.

அனுமதி எங்கே?

இனிதான் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

"காம்பவுண்ட் சுவர்தானே, நம்ம இடத்தில் நாம் கட்டுகிறோம்" என்று பலர் நினைக்கிறார்கள். மனைக்கு எல்லை காட்டும் சுவர் வேறு. பல டன் மண்ணைத் தாங்கும் சுவர் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் முதல் தப்பு.

முதலில் போக வேண்டிய இடம் உங்கள் உள்ளாட்சி அலுவலகம். நகராட்சி என்றால் நகரமைப்புப் பிரிவு. கிராம ஊராட்சி என்றால் ஊராட்சி அலுவலகமும் ஊராட்சி ஒன்றிய அலுவலகமும். "இந்த இடத்தில், இந்த உயரத்தில் மண் தாங்கும் சுவர் கட்ட வேண்டும், என்னென்ன அனுமதி தேவை?" என்று மனு எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம்.

மலைப்பகுதி என்றால் கூடுதல் சட்டங்கள் உண்டு. மலை ஊர்களுக்கு என்று 1993-ல் தனிக் கட்டட விதிகள் வந்தன. அதற்கு முன்பே 1990-ல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. 'ஹாக்கா' என்று சொல்கிறார்களே, அதுதான். இதன் பட்டியலில் உள்ள கிராமங்களில் கட்டட வேலைக்கு இடத்தைப் பொறுத்து வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்தும் கேட்கப்படும்.

இது நீலகிரிக்கு மட்டும் என்று கோவைவாசிகள் நினைத்துவிட வேண்டாம். கோவை மாவட்டத்தின் மலையடிவாரக் கிராமங்கள் சிலவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மலையடிவாரத்தில் மனை வாங்கியவர்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டும். கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இடம் வைத்திருப்பவர்களுக்கும் இதே புத்திமதிதான்.

சுவர் சாலை ஓரம் வந்தால் நெடுஞ்சாலைத் துறை. ரயில் பாதை ஓரம் என்றால் ரயில்வே. ஓடை ஓரம் என்றால் நீர்வளத் துறை. காட்டு எல்லை என்றால் வனத்துறை. அந்தந்தத் துறையைக் கேட்காமல் கல் இறக்காதீர்கள்.

இன்னொன்று. நீலகிரியில் பொக்லைன் எந்திரத்தை நினைத்தபடி கொண்டுவந்து மண் வெட்ட முடியாது. அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். காரணம் இல்லாமல் இல்லை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் ஏற்பட்ட மண் சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகு 283 இடங்கள் ஆபத்தானவை என்று பட்டியல் போடப்பட்டது. உங்கள் இடம் அதில் வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பையில் என்னென்ன?

பெரியவர் கிளார்க் வேலை பார்த்தவர் அல்லவா! ஒரு பைலைத் தயார் செய்தார். அதில் இருந்தவை:

பத்திர நகல். பட்டா. வில்லங்கச் சான்று. புல வரைபடம். வீட்டு வரி ரசீது. பழைய சுவரின் போட்டோக்கள், தேதியுடன். என்ஜினீயர் கையெழுத்திட்ட வரைபடமும் பலக் கணக்கும். மண் பரிசோதனை அறிக்கை.

இதில் புல வரைபடம்தான் முக்கியம் என்கிறார் அவர். சர்வேயரை வைத்து அளந்து பார்த்ததில் பழைய சுவரின் அடிக்கல் கீழ் வீட்டு மனைக்குள் முக்கால் அடி நீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது!

புதுச் சுவரின் அடித்தளம் 6 அடி அகலம். அதை அளக்காமல் போட்டிருந்தால் பாதி அடுத்தவர் மனையில் போயிருக்கும். பிறகு கோர்ட்டு, கேஸ் என்று அலைய வேண்டியதுதான். அளந்த பிறகு சுவர் உள்ளே தள்ளி வரையப்பட்டது. கீழ் வீட்டுப் பெண்மணியிடமும் வரைபடத்தைக் காட்டி, வேலைக்கு அவர் இடத்தில் ஆள் இறங்கவும் சாரம் கட்டவும் எழுத்தில் சம்மதம் வாங்கினார்.

"மனு ஒரே நாளில் பாஸாகவில்லை. ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்க. ஒரு தடவை தண்ணி எங்க போகும்னு வரைபடத்துல காட்டலை. இன்னொரு தடவை மண் அறிக்கை பத்தலை. கோபம் வந்துச்சு. ஆனா யோசிச்சுப் பார்த்தா ரெண்டும் நியாயமான கேள்விதானுங்களே!" என்கிறார்.

யாரைக் கூப்பிடுவது?

சுவர் கட்டுவதற்கு ஒரே ஆள் போதாது. ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை.

மண் என்ன ரகம், எவ்வளவு தாங்கும் என்று சொல்பவர் மண் இயல் என்ஜினீயர். எவ்வளவு கனம், எத்தனை கம்பி என்று கணக்குப் போடுபவர் கட்டட உறுதி என்ஜினீயர். தமிழ்நாட்டில் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி இவர்கள் முறைப்படி பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். "உங்கள் பதிவு எண் என்ன?" என்று தாராளமாகக் கேளுங்கள். நல்ல என்ஜினீயர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டு அமைப்பையும் தோட்டத்தையும் சேர்த்து மாற்றுவதாக இருந்தால் ஆர்க்கிடெக்ட் தேவைப்படலாம். எல்லையை அளக்க சர்வேயர். கட்டி முடிக்க மேஸ்திரி. மேஸ்திரி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவர் கைதான் கடைசியில் சுவரை எழுப்புகிறது. ஆனால் கணக்கு அவருடையது அல்ல.

மலைப்பகுதியில் இத்தகைய சுவர்களை எப்படி அமைப்பது என்று இந்தியத் தர நிர்ணய நிறுவனம் தனி நெறிமுறையே வெளியிட்டிருக்கிறது. ஐ.எஸ். 14458 என்பது அதன் எண். "அதைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டீர்களா?" என்று என்ஜினீயரிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். அஸ்திவாரம், கம்பி கட்டு, காங்கிரீட், மண் நிரப்பல் என்று கட்டம் கட்டமாகப் பணம். ஒவ்வொரு கட்டத்திலும் என்ஜினீயர் நேரில் வந்து பார்த்த பிறகே அடுத்த வேலை.

தை பிறந்தது, வேலை தொடங்கியது

மழை ஓய்ந்து மண் காய்ந்தது. தை மாதக் கடைசியில் வேலை ஆரம்பம்.

30 அடிச் சுவரையும் ஒரேயடியாக இடிக்கவில்லை. 6 அடி, 6 அடியாக ஐந்து துண்டாகப் பிரித்தார்கள். ஒரு துண்டை எடுத்து, அங்கே புதுச் சுவர் எழும்பிய பிறகே அடுத்தது. அதுவும் பக்கத்துத் துண்டு அல்ல, ஒன்று விட்டு ஒன்று. முழுவதையும் ஒரே நாளில் திறந்துவிட்டால் மலை இறங்கி வந்துவிடும்!

5 அடி ஆழத்துக்கு மேல் மண் தோண்டினால் பக்கவாட்டில் பலகை கட்டி முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது விதி. இங்கே முட்டு இல்லாமல் ஒரு ஆளையும் பள்ளத்தில் இறக்கவில்லை. தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் ஓரத்தில் குவிக்கவில்லை. கூலி வேலைக்கு வந்த பெண்களை சரிவுக்கு அடியில் நின்று மண் சுமக்கவிடவில்லை.

மேஸ்திரி யார் தெரியுமா? அதே பழைய மேஸ்திரிதான்! முதலில் முறுக்கிக்கொண்டவர், என்ஜினீயர் கணக்கை விளக்கியதும் வழிக்கு வந்தார். ஒரு இடத்தில் மட்டும் சின்னத் தகராறு.

"ஏம்மா, கெட்டிக் கம்பியை வெளிப்பக்கம் போட்டாத்தானே சுவர் வெளியே சாயாது?"

"இல்லீங்க மேஸ்திரி. மண்ணு தள்ளும்போது சுவர் எந்தப் பக்கம் கிழியும்? மண் பக்கம்தானே இழுபடும்? கம்பி அங்கேதான் இருக்கணும்."

மேஸ்திரி ஒரு நிமிஷம் யோசித்தார். ஒரு பிரம்பை எடுத்து வளைத்துப் பார்த்தார். "அட, ஆமா!" என்று சிரித்துவிட்டார். கம்பியை மாற்றிப் போட்டுக் கட்டிவிட்டுப் பிறகு சுவர் விழுந்ததே என்று அழுபவர்கள் கவனிக்க!

சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி. அதற்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டும் துணி. 5 அடிக்கு ஒன்றாக 4 அங்குல பி.வி.சி. பைப், வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்வாக. தண்ணீர் தாராளமாக வெளியே வந்துவிடும். மேலே மழைத்தண்ணீருக்குத் தனியாக ஒரு வாய்க்கால்.

காங்கிரீட் போட்ட கையோடு மண்ணைத் தள்ளி நிரப்பவும் இல்லை. தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தி, பலம் ஏறிய பிறகு என்ஜினீயர் 'சரி' சொன்னதும், ஒரு அடி ஒரு அடியாகக் கொட்டி இறுக்கினார்கள்.

மொத்தச் செலவு மேஸ்திரி முதலில் சொன்னதைப் போல் மூன்று மடங்கு ஆனது. பெரியவர் மறைக்கவில்லை. மனைவியின் இரண்டு வளையல் வங்கிக்குப் போய்விட்டு வந்திருக்கிறது.

கீழ் வீட்டுக்காரருக்கு உரிமை உண்டா?

உண்டு. கீழே இருப்பவர் வாயை மூடிக்கொண்டு பயந்து சாக வேண்டியதில்லை.

சுவர் ஆபத்தாக இருந்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் போட்டோவோடு எழுத்து மூலம் மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். மனு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். மழை கொட்டும்போது சுவர் அசைவது தெரிந்தால் மனு எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம். குடும்பத்தோடு வெளியேறிவிட்டு 1077-க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட அவசர உதவிக் கட்டுப்பாட்டு அறையின் எண் அது.

மேல் வீட்டுக்காரருக்கும் உரிமை உண்டு. 1882-ம் ஆண்டு வசதி உரிமைச் சட்டம் ஒன்று இருக்கிறது. இயற்கையாக இருக்கும் நிலத்துக்குப் பக்கத்து நிலத்தின் மண் கொடுக்கும் ஆதரவு ஒரு உரிமை என்கிறது அது. கீழே இருப்பவர் தன் இடம்தானே என்று சரிவை நெட்டுக்குத்தாக வெட்டி, மேல் நிலத்தைத் தொங்கவிட முடியாது. ஆனால் அந்த இயற்கை உரிமை நிலத்துக்குத்தான். மேலே நாமாகக் கட்டிடத்தையும் மண்ணையும் ஏற்றி வைத்த பாரத்துக்கு அது தானாகப் பொருந்தாது. தகராறு முற்றுவதற்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

இந்த அடையாளம் தெரிந்தால் உஷார்!

சுவர் நடுவில் வயிறு தள்ளுவது. தலை வெளிப்பக்கம் சாய்வது. சுவருக்கு மேலே மண்ணில் சுவருக்கு இணையாக வெடிப்பு ஓடுவது. தண்ணீர்த் துளையில் சேறு வருவது, அல்லது மழையிலும் துளை காய்ந்து கிடப்பது. மேல் வீட்டுக் கதவு, ஜன்னல் திடீரென்று இறுகிக்கொள்வது. மரமும் மின்கம்பமும் சாய்வது.

இதில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த மழைக்குக் காத்திருக்காதீர்கள். காலை நேரத்தில் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டித் தூக்குக் குண்டு மாதிரி சுவர் ஓரம் தொங்கவிட்டு அளந்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த வாரம் மறுபடி அளங்கள். அளவு மாறினால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம்!

மறு ஐப்பசி

ஒரு வருஷம் ஓடிவிட்டது. மறுபடியும் ஐப்பசி. மறுபடியும் அடைமழை.

ராத்திரி 2 மணி. பெரியவருக்குத் தூக்கம் வரவில்லை. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். புதுச் சுவரின் துளைகள் ஒவ்வொன்றிலும் தண்ணீர் குழாய் திறந்த மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர். சேறு இல்லை.

தூக்குக் குண்டைப் பிடித்துப் பார்த்தார். நூல் அளவும் மாறவில்லை.

திரும்பி கீழ் வீட்டைப் பார்த்தார். போன வருஷம் இதே நேரத்தில் மழை வலுத்தால் அங்கே விளக்கு எரியும். தாயும் பிள்ளைகளும் உட்கார்ந்தே இருப்பார்கள்.

இன்று விளக்கு அணைந்திருந்தது. மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த இருட்டைப் பார்த்தப்பத்தாங்க, செலவு பண்ணின காசெல்லாம் திரும்பி வந்துட்ட மாதிரி இருந்துச்சு" என்றார் பெரியவர்.